விழுங்கியது மருந்து, விஷமாக்கியது உடல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இவை நர்சிங், பார்மசி மாணவர்களும் நோயாளியின் வீட்டாரும் திரும்பத் திரும்பக் கேட்பவை. எல்லாப் பதில்களுக்கும் அடியில் ஓடுவது ஒரே செய்திதான். விழுங்கிய பொருளைவிட, அதிலிருந்து உடல் செய்துகொள்ளும் பொருளே பல நேரம் ஆளைச் சாய்க்கிறது. அதைச் செய்ய உடலுக்குச் சில மணி நேரமாவது பிடிக்கும். சிகிச்சைக்குக் கிடைக்கும் அவகாசமும் அதுவே.

கல்லீரல் விஷத்தை முறிக்கும் உறுப்புதானே, அது எப்படி விஷத்தை உண்டாக்கும்?

பெரும்பாலும் முறிக்கத்தான் செய்கிறது. கொழுப்பில் கரையும் பொருளைச் சிறுநீர் எளிதில் வெளியேற்றாது. அதனால் கல்லீரல் அதை நீரில் கரைவதாக மாற்றுகிறது. இதில் இரண்டு கட்டங்கள் உண்டு. முதல் கட்டத்தில் சைட்டோகுரோம் பி450 என்ற நொதிக் குடும்பம் மூலக்கூறில் ஒரு பிடி வைக்கிறது, பெரும்பாலும் ஆக்சிஜனைச் சேர்த்து. இரண்டாம் கட்டத்தில் வேறு நொதிகள் அந்தப் பிடியில் சர்க்கரை அமிலம், சல்பேட், குளூட்டாதயோன், அசிட்டைல் போன்ற ஏதாவது ஒன்றைக் கட்டி அனுப்புகின்றன.

சிக்கல் வருவது இரண்டுக்கும் நடுவில். முதல் கட்டம் முடிந்து இரண்டாம் கட்டத்துக்குக் காத்திருக்கும் இடைப்பொருள் சில மருந்துகளில் மிகவும் வினைத்துடிப்பானது. கட்டி அனுப்பக் கையிருப்பு இருக்கும்வரை தொந்தரவில்லை. கையிருப்பு தீர்ந்தால் அது அக்கம்பக்கத்துப் புரதங்களில் ஒட்டிக்கொள்ளும். கள்ளச்சாராயத்தில் கலந்திருக்கும் மெத்தனால் போன்றவற்றின் கதை வேறு. அங்கே நொதிகள் தம் வேலையை ஒழுங்காகத்தான் செய்கின்றன, கிடைக்கும் விளைபொருள்தான் நஞ்சு.

பாராசிட்டமாலை எல்லோரும் சாப்பிடுகிறோமே, அது எப்படி ஆபத்தாகும்?

சரியான அளவில் அது நல்ல மருந்து. விழுங்கியதில் பெரும்பங்கு சர்க்கரை அமிலமோ சல்பேட்டோ சேர்ந்து சாதுவாக வெளியேறிவிடும். 5 முதல் 10 சதவீதம் மட்டும் சிப் 2இ1 என்ற பி450 குடும்பத்து நொதியின் வழியாகப் போய் நாப்கி என்ற இடைப்பொருளாகிறது. கல்லீரல் செல்லில் இருக்கும் குளூட்டாதயோன் அதை உடனே பிடித்துக் கட்டிவிடும்.

அளவு மீறினால் சல்பேட் பாதை முதலில் நிரம்பிவிடும். பிறகு நாப்கி பாதையில் போகும் பங்கு கூடும், குளூட்டாதயோன் கரையும். கையிருப்பில் ஏறத்தாழ 70 சதவீதம் தீர்ந்ததும் நாப்கி மைட்டோகாண்ட்ரியாப் புரதங்களில் ஒட்டத் தொடங்குகிறது, செல் எரிசக்தியின்றி இறக்கிறது. கல்லீரல் நுண்மடலின் நடுச் சிரையைச் சுற்றியுள்ள செல்கள்தான் முதலில் சாகும். சிப் 2இ1 அங்கேதான் அதிகம், ஆக்சிஜன் குறைவும் அங்கேதான். நுண்ணோக்கியில் அந்த வட்டம் மட்டும் வெளிறித் தெரியும்.

வீடுகளில் நடக்கும் தவறு பெரும்பாலும் ஒரே மாத்திரையைக் கூடுதலாகப் போடுவதல்ல, வெவ்வேறு பெயரில் ஒரே மருந்தைப் போடுவது. காய்ச்சலுக்கு 650 மி.கி. நாளுக்கு நான்கு வேளை என்றால் 2,600. சளிக்கு வாங்கிய மாத்திரைக்குள் 500 மி.கி. இருக்கும், மூன்று வேளைக்கு 1,500. மூட்டுவலிக்கு ஏற்கெனவே போடும் கூட்டு மாத்திரையில் 325. இரண்டு வேளைக்கு 650. மொத்தம் 4,750 மி.கி. வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாளைக்கான உச்சவரம்பு 4,000. அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் உட்பொருள் பட்டியலைப் படிக்காமல் இந்தக் கூட்டல் யாருக்கும் பிடிபடாது.

சாப்பிடாமல் கிடக்கும் காய்ச்சல்காரர், உடல் மெலிந்தவர், தினமும் குடிப்பவர் ஆகியோருக்கு வரம்பு இன்னும் தாழ்வு. பட்டினியில் குளூட்டாதயோன் குறைகிறது. தினக்குடி அதையும் குறைத்து, சிப் 2இ1-ஐயும் பெருக்குகிறது. டெங்குக் காய்ச்சலில் நான்கு நாள் கஞ்சிகூட இறங்காதவருக்கு சில மணிக்கொரு முறை மாத்திரை கொடுப்பதை இதனால்தான் அஞ்ச வேண்டும்.

அதிகமாக விழுங்கியவர் மறுநாள் எழுந்து நடமாடுகிறாரே, தப்பித்துவிட்டாரா?

இல்லை. இந்த விஷத்தின் கொடுமையே அதுதான். முதல் 24 மணி நேரத்தில் குமட்டல், வாந்தி, சோர்வு இருக்கும், அதுகூட இல்லாமலும் போகும். இரண்டாம் நாள் ஆள் தேறிய மாதிரி இருப்பார், ஆனால் ரத்தத்தில் கல்லீரல் நொதிகள் ஏறிக்கொண்டிருக்கும். மூன்றாம், நான்காம் நாள் கண் மஞ்சளாகும், ரத்தம் உறையாது, பேச்சு குழறும். சிறுநீரகமும் சேர்ந்து கெடலாம்.

மன உளைச்சலில் விழுங்கிவிட்டு, பிறகு மனம் மாறி, "எனக்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போகிறேன்" என்பவர்கள் பலர். அவர்களை அனுப்பிவிடாதீர்கள். வாழ முடிவு செய்தவருக்கு வாழும் வாய்ப்பு கூட வேண்டுமானால் முதல் 8 மணி நேரத்துக்குள் முறிமருந்து ஏற வேண்டும். தற்கொலை எண்ணம் இப்போது யாருக்காவது இருந்தால் 14416 அல்லது 104 எண்ணை அழைத்துப் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள்.

எந்த அளவுக்கு மேல் மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று கேட்டால், 24 மணி நேரத்தில் உடல் எடையில் கிலோவுக்கு 75 மி.கி.யைத் தாண்டியிருந்தால் தயங்காமல் கிளம்பலாம். வேண்டுமென்றே விழுங்கியிருந்தால் கணக்கே வேண்டாம், உடனே போக வேண்டும்.

பாராசிட்டமாலுக்கு முறிமருந்தான என்-அசிட்டைல்சிஸ்டீன் எப்படி வேலை செய்கிறது? எவ்வளவு, எப்படி ஏற்றுகிறார்கள்?

குளூட்டாதயோன் செய்யத் தட்டுப்படும் சரக்கு சிஸ்டீன். அதை வெளியிலிருந்து தருவதுதான் இந்த மருந்து. குப்பியை உடைத்ததும் அழுகிய முட்டை நாற்றம் வரும். மருந்து கெட்டுப்போகவில்லை, அதிலுள்ள கந்தகத்தின் வாடை அது.

வழக்கமான நரம்புவழி முறையில் கிலோவுக்கு 150 மி.கி. ஒரு மணி நேரத்தில், பிறகு 50 மி.கி. 4 மணி நேரத்தில், பிறகு 100 மி.கி. 16 மணி நேரத்தில். மொத்தம் 21 மணி நேரம், கிலோவுக்கு 300 மி.கி. 50 கிலோ எடையுள்ளவருக்கு முதல் பையில் 7.5 கிராம், இரண்டாவதில் 2.5, மூன்றாவதில் 5. மூன்றையும் கூட்டினால் 15 கிராம் வருகிறதா என்று பார்த்துவிட்டு ஏற்றுங்கள். 20 சதவீதக் கரைசல் என்றால் ஒரு மி.லி.யில் 200 மி.கி. குப்பியின் மில்லிலிட்டரையும் மில்லிகிராமையும் குழப்பிக்கொண்டு பல மடங்கு கூடவோ குறையவோ போவது இங்கே நடக்கும் பெரிய பிழை. குழந்தைகளுக்கு வேறொரு பிழை உண்டு. பெரியவருக்குரிய டெக்ஸ்ட்ரோஸ் அளவிலேயே கரைத்து ஏற்றினால் ரத்தத்தில் சோடியம் விழுந்து வலிப்பு வரும். கரைக்கும் நீரையும் எடைக்கேற்பக் குறைக்க வேண்டும்.

முதல் பை ஓடும்போது முகம் சிவப்பது, அரிப்பு, தடிப்பு, சிலருக்கு மூச்சிரைப்பு வரலாம். உண்மையான ஒவ்வாமை அல்ல இது, வேகமாக ஏறுவதால் வருவது. சொட்டை நிறுத்தி, அரிப்புக்கான மருந்து போட்டு, அடங்கியதும் மெதுவாகத் தொடர வேண்டும். "அலர்ஜி" என்று எழுதி மருந்தையே கைவிட்டால் கல்லீரலைக் கைவிட்டதாகிவிடும்.

ரத்தத்தில் பாராசிட்டமால் அளவைப் பார்ப்பதானால் விழுங்கி 4 மணி நேரம் ஆன பிறகே எடுக்க வேண்டும். 4-ஆம் மணியில் மி.லி.க்கு 150 மைக்ரோகிராம், 8-ஆம் மணியில் 75, 12-ஆம் மணியில் 37.5 என்பது சிகிச்சைக் கோடு. அதைத் தொட்டாலோ தாண்டினாலோ மருந்து தொடங்க வேண்டும். எப்போது விழுங்கினார் என்று தெரியாதவருக்கும், இரண்டு மூன்று நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக அளவு மீறியவருக்கும் இந்தக் கோடு பொருந்தாது. பரிசோதனை வசதியில்லாத ஊரில் முடிவுக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். சொன்ன அளவை நம்பி மருந்தைத் தொடங்குவதே சரி.

குழந்தைக்குப் பாராசிட்டமால் சிரப்பா, டிராப்ஸா? எங்கே தவறு நடக்கிறது?

டிராப்ஸ் பெரும்பாலும் ஒரு மி.லி.யில் 100 மி.கி. வழக்கமான சிரப் 5 மி.லி.யில் 125, அதாவது மி.லி.க்கு 25. இன்னொரு சிரப் 5 மி.லி.யில் 250. மூன்றும் ஒரே கடையில், ஒரே மாதிரிப் பெட்டியில் கிடைக்கும். 10 கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 150 மி.கி. என்றால் 125 சிரப்பில் 6 மி.லி., டிராப்ஸில் 1.5 மி.லி. சிரப் தீர்ந்துபோய் வீட்டிலிருந்த டிராப்ஸை அதே 6 மி.லி. ஊற்றினால் 600 மி.கி. உள்ளே போகும், நான்கு மடங்கு. இரண்டு நாள் அப்படியே தொடர்ந்தால் நிலைமை மோசம். மருந்துச் சீட்டில் மி.லி.யோடு பாட்டிலின் செறிவையும் எழுதச் சொல்லிக் கேளுங்கள். சமையலறைக் கரண்டியால் அளக்காதீர்கள்.

கள்ளச்சாராயம் குடித்தவர்களுக்குக் கண் ஏன் போகிறது?

அதில் கலந்திருக்கும் மெத்தனால் தன்னளவில் கொஞ்சம் போதை தரும், அவ்வளவுதான். கல்லீரலில் ஆல்கஹால் டீஹைட்ரஜனேஸ் நொதி அதை ஃபார்மால்டிஹைடாக்கும், அடுத்த நொதி அதை ஃபார்மிக் அமிலமாக்கும். ஃபார்மிக் அமிலம் மைட்டோகாண்ட்ரியாவில் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் கடைசி நொதியை அடைத்துவிடுகிறது. விழித்திரையும் பார்வை நரம்பும் அதை முதலில் தாங்காதவை. எல்லாம் பனிமூட்டத்துக்குள் தெரிவது போலிருக்கும், பிறகு இருட்டும். கூடவே ரத்தம் அமிலமாகி மூச்சு ஆழமாக வாங்கும்.

ஃபார்மிக் அமிலத்தைக் கரியமில வாயுவாக மாற்றி வெளியேற்ற ஃபோலேட் தேவை. மனிதரிடம் அந்தப் பாதை மெதுவானது. அதனால் அமிலம் சேருகிறது. குடித்து 12 முதல் 24 மணி நேரம் கழித்தே அறிகுறி வருவது, அமிலம் அப்படிச் சேர நேரம் பிடிப்பதால்தான். வழக்கமான மதுவில் உள்ள எத்தனாலும் கலந்திருந்தால் இன்னும் தாமதமாகும்.

சிகிச்சை இதே கணக்கைத் திருப்பிப் போடுவது. நொதிக்கு மெத்தனாலைவிட எத்தனால்மேல் பத்து மடங்குக்கும் மேலான நாட்டம். மருத்துவமனையில் அளந்து எத்தனால் கொடுத்து, ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 100 முதல் 150 மி.கி. என்ற அளவில் நிறுத்தினால் நொதி அதிலேயே மூழ்கிக் கிடக்கும், மெத்தனாலைத் தொடாது. அதே நொதியை அடைக்கும் ஃபோமெபிசோல் என்ற மருந்து கிடைத்தால் அளப்பது எளிது: கிலோவுக்கு 15 மி.கி., பிறகு 12 மணிக்கொரு முறை 10 மி.கி. நான்கு தடவை. இவை புதிதாக அமிலம் உண்டாவதை நிறுத்தும். ஏற்கெனவே சேர்ந்த அமிலத்துக்குச் சோடியம் பைகார்பனேட், ஃபோலினிக் அமிலம், எல்லாவற்றையும்விட டயாலிசிஸ். வீட்டில் "நல்ல சாராயம்" ஊற்றிக் கொடுப்பது மருத்துவமல்ல. அளவும் தெரியாது, புரையேறியும் சாகலாம்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. இத்தகைய சமயத்தில் ஊராரிடம் உரக்கச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. அதே பாக்கெட்டிலிருந்து குடித்தவர் ஒவ்வொருவரும், நன்றாக இருந்தாலும், உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும். வழக்குக்குப் பயந்து வீட்டில் படுத்திருக்கும் அந்தப் பன்னிரண்டு மணி நேரத்தில்தான் அமிலம் சேருகிறது.

இருமல் மருந்தால் குழந்தைகள் இறந்ததும் இதே வழியில்தானா?

ஏறத்தாழ அதே வழி. அந்தச் சிரப்புகளில் கலந்திருந்த டை எத்திலீன் கிளைக்கால் என்ற தொழிற்சாலைக் கரைப்பானையும் அதே ஆல்கஹால் டீஹைட்ரஜனேஸ் நொதிதான் உடைக்கத் தொடங்குகிறது. கடைசியில் கிடைக்கும் டைகிளைக்காலிக் அமிலம் சிறுநீரக நுண்குழல்களைக் கொல்கிறது. 1937-இல் அமெரிக்காவில் 100-க்கும் மேற்பட்டோர், 2022-இல் காம்பியாவில் குழந்தைகள், 2025-இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாடாவில் குழந்தைகள். கடைசி நிகழ்வில் சிரப் தயாரானது காஞ்சிபுரம் மாவட்டத்தில். உச்சவரம்பு 0.1 சதவீதம், அதில் இருந்தது 48 சதவீதத்துக்கும் மேல். சிரப்பைக் கரைக்கும் மலிவான திரவத்தைச் சோதிக்காமல் விட்டால் இதுதான் நடக்கும், இது மன்னிக்க முடியாத பிழை.

சிரப் குடிக்கும் குழந்தை வாந்தி எடுத்து, சிறுநீர் கழிப்பது குறைந்தால் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினை அன்றைக்கே ரத்தத்தில் பார்க்க வேண்டும். நாப்கின் அரை நாள் காய்ந்தே இருந்தால் அது காத்திருக்கும் நேரமல்ல. மிச்சமிருக்கும் பாட்டிலைக் கொட்டிவிடாமல் எடுத்துப் போங்கள்.

பூச்சிமருந்து விஷத்தில் சிலர் உடனே விழுகிறார்கள், சிலர் மறுநாள்தான் விழுகிறார்கள். ஏன்?

ஆர்கனோபாஸ்பேட் வகையில் குளோர்பைரிஃபாஸ் போன்றவற்றில் பாஸ்பரஸோடு கந்தகம் இணைந்திருக்கும். அந்த வடிவம் அவ்வளவு வலுவற்றது. கல்லீரல் கந்தகத்தை எடுத்துவிட்டு ஆக்சிஜனை வைத்ததும்தான் அது நரம்பு நொதியான அசிட்டைல்கோலினெஸ்டரேஸை அடைக்கும் வடிவமாகிறது. மோனோகுரோட்டோபாஸ் போன்றவற்றில் ஆரம்பத்திலேயே ஆக்சிஜன்தான், மாற்றம் தேவையில்லை. கொழுப்பில் கரைந்து ஒளிந்துகொள்ளும் வகையாக இருந்தால் தேறியவருக்கு மூன்றாம் நாள் மறுபடி எச்சில் ஒழுகும், மூச்சு அடங்கும். பாட்டிலையோ அதன் லேபிளையோ மருத்துவர் கேட்பது இதற்காகத்தான்.

இதற்கு முறிமருந்தான அட்ரோபின் விஷயத்தில் கண்மணி விரிந்துவிட்டது என்று நிறுத்துவது பழைய தவறு. 0.6 மி.கி. குப்பிகள் மூன்றிலிருந்து ஐந்து போட்டுத் தொடங்கி, 5 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாக்கி, நெஞ்சில் களகள ஒலி நின்று, நாடி 80-ஐத் தாண்டி, மேல் ரத்த அழுத்தம் 80-க்கு மேல் நிற்கும்வரை போக வேண்டும். உடுப்பைக் கழற்றி உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், கழுவுபவர் கையுறை போட வேண்டும்.

ஒரே மருந்து, ஒரே அளவு. ஒருவருக்கு மட்டும் ஏன் விஷமாகிறது?

நொதிகள் மரபுவழி வருபவை. காசநோய்க்கான ஐசோனியசிட்டை என்ஏடி2 நொதி அசிட்டைலேற்றுகிறது. இது மெதுவாக இருப்பவர்கள் நம் நாட்டில் மிகுதி. அவர்களிடம் மருந்து நீண்ட நேரம் தங்கும், கல்லீரலைத் தாக்கும் இடைப்பொருளும் முறியாமல் நிற்கும், கைகால் எரிச்சலும் மரத்துப்போதலும் வரும். நரம்புப் பாதிப்புக்குக் காரணம் வைட்டமின் பி6 முடக்கப்படுவது. சிறிய அளவு பி6 சேர்த்தாலே அதைத் தடுக்கலாம் என்று 1960-களில் காட்டியது சென்னை சேத்துப்பட்டிலிருந்த காசநோய் வேதிச்சிகிச்சை மையம். மாத்திரையோடு பி6-ஐயும் ஒழுங்காகப் போடுங்கள். பசியின்மை, வாந்தி, அடர்மஞ்சள் சிறுநீர் தெரிந்தால் அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் மாத்திரை தரும் மையத்துக்குப் போங்கள். ஐசோனியசிட் அளவு மீறி வலிப்பு வந்தால் வழக்கமான வலிப்பு மருந்து மட்டும் போதாது. விழுங்கிய கிராமுக்குச் சமமான கிராம் பி6 நரம்பில் ஏற வேண்டும், அளவு தெரியாவிட்டால் 5 கிராம்.

வலிக்கும் இருமலுக்கும் தரும் கோடீன் எதிர்மாதிரி. அதை மார்ஃபினாக்கும் சிப் 2டி6 சிலரிடம் மிதமிஞ்சிய வேகம். சாதாரண அளவிலேயே குழந்தையின் மூச்சு நின்றுபோகும். 12 வயதுக்குக் கீழே கோடீன் கூடாது என்று 2017-இல் அமெரிக்க மருந்துத் துறை எச்சரித்தது இதனால்தான்.

எந்தெந்த மருந்துகளைச் சேர்த்துப் போடக் கூடாது?

பட்டியல் நீளும், பாதை அடைபடும் இடத்தைப் புரிந்துகொண்டால் போதும். நோய் எதிர்ப்பை அடக்கும் அசாதயோப்ரின் போடுபவருக்கு யூரிக் அமிலம் என்று அலோபியூரினால் எழுதினால், முன்னதை வெளியேற்றும் சாந்தீன் ஆக்சிடேஸ் அடைபடும். மருந்தில் கூடுதல் பங்கு எலும்பு மஜ்ஜையைத் தாக்கும் வடிவத்துக்குத் திரும்பும். சில வாரங்களில் வெள்ளணுக்கள் அடியோடு சரியும். தவிர்க்க முடியாவிட்டால் அசாதயோப்ரினைக் கால்பங்காக்கி வாராவாரம் ரத்த அணு எண்ணிக்கை பார்க்க வேண்டும்.

கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாட்டினோடு கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் சேர்ந்தால் தசை உருகி, சிறுநீர் கட்டங்காப்பி நிறமாகும். அதே குடும்பத்து அசித்ரோமைசின், சிம்வாஸ்டாட்டினை முறிக்கும் நொதியை அவ்வளவாக அடைப்பதில்லை. தியோஃபிலின் போடும் ஆஸ்துமாக்காரருக்குச் சிப்ரோஃப்ளாக்சசின் ஆகாது. அவர் புகைப்பவராக இருந்து மருத்துவமனையில் சேர்ந்ததும் புகைப்பதை நிறுத்தினால் அதுவும் கணக்கை மாற்றும். பீடிப் புகை பெருக்கி வைத்திருந்த நொதி சில நாளில் குறைய, பழைய அளவே அதிகமாகி நெஞ்சு படபடக்கும்.

தொழுநோய்க்கான டாப்சோன் போட்டவரின் உதடு நீலமானால்?

டாப்சோனின் ஹைட்ராக்சிலமின் வடிவம் ஹீமோகுளோபினின் இரும்பை மாற்றி ஆக்சிஜன் சுமக்க விடாமல் செய்கிறது. விரலில் மாட்டும் கருவி 85-ஐச் சுற்றியே நிற்கும், ஆக்சிஜன் வைத்தாலும் ஏறாது. ஒரு துளி ரத்தத்தை வெள்ளைத் தாளில் விட்டுப் பாருங்கள். காற்றுப் பட்டும் சிவக்காமல் சாக்லேட் நிறத்திலேயே இருந்தால் மெத்தமோகுளோபின்தான். இதற்கு மருந்து மெத்திலீன் புளூ, கிலோவுக்கு 1 முதல் 2 மி.கி. 5 நிமிடத்தில். ஜி6பிடி என்ற சிவப்பணு நொதி பிறவியிலேயே குறைவாக உள்ளவருக்கு இது வேலை செய்யாது, ரத்த அணுக்களையும் உடைக்கும். டாப்சோன் உடலில் நெடுநேரம் தங்குவதால் நீலம் திரும்பி வரும், ஒரே ஊசியோடு வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

மூலிகைக்கு இந்தப் பயம் இல்லையே?

உண்டு. 1970-களில் அன்றைய மத்தியப் பிரதேசத்தின் சர்குஜாவில் வயிறு வீங்கி மக்கள் இறந்தார்கள். சாமையோடு கிலுகிலுப்பை இனத்து விதை கலந்திருந்தது. அதன் பைரோலிசிடின் காரங்களைக் கல்லீரல்தான் நஞ்சாக்குகிறது, பிறகு தன் ரத்தக்குழல்களே அடைபட்டுப் போகிறது. செடியா ஆலையா என்று நொதிக்குத் தெரியாது.

யாராவது எதையாவது விழுங்கிவிட்டால் வீட்டில் என்ன செய்வது?

வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர், புளிக்கரைசல், எதுவும் வேண்டாம். மயக்கமாக இருந்தால் இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்து 108-ஐ அழையுங்கள். ஆலோசனைக்கு டெல்லி எய்ம்ஸ் தேசிய நச்சுத் தகவல் மையத்தின் கட்டணமில்லா எண் 1800 116 117. மருத்துவமனையில் முதல் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தால் செயற்படுத்திய கரித்தூள் கிலோவுக்கு ஒரு கிராம் கொடுத்துப் பார்க்கலாம், நினைவு தெளிவாக இருந்தால் மட்டும்.

காலி அட்டைகளையும் பாட்டிலையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். அட்டையில் எத்தனை குழி காலி, கடைசியாக ஆள் நன்றாக இருந்தபோது மணி என்ன, எடை எவ்வளவு, தினமும் வேறு என்ன மருந்து போடுகிறார் என்பதை ஒரு தாளில் எழுதி மருத்துவர் கையில் கொடுங்கள். அவர் போடும் முதல் கணக்கு அந்தத் தாளிலிருந்துதான்.